மரத்தில் தொங்கும் தலைக்கு ஒரு காதலி

இன்று திண்டிவனத்தில் என் நாவலை பிரின்ட் எடுக்கக் கொடுத்தேன். ஜெராக்ஸ் கடை அண்ணன் வெளியே வந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

கதையை இந்தப் பக்கத்தில் முன்பே போஸ்ட் போட்டிருக்கிறேன். மத்திய அமெரிக்காவின் மாயன் மக்களுடைய புராணத்தில், கொல்லப்பட்ட தெய்வத்தின் தலையைப் பாதாளத்தில் ஒரு மரத்தில் மாட்டிவிடுகிறார்கள். ஒரு பெண் மட்டும் பயப்படாமல் அதனிடம் போய்ப் பேசுகிறாள். நான் அந்தத் தலையை எண்பதுகளின் திண்டிவனத்துப் புளியமரத்தில் மாட்டியிருக்கிறேன். மரத்தடியில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விற்கும் செல்வி அதைக் காதலிக்கிறாள்.

அண்ணன் தாளிலிருந்து நிமிர்ந்தார்: "ஏம்மா, வெறுந் தலையப் போயி ஒருத்தி லவ் பண்ணுவாளா? நம்ம ஊர்ல யாரு நம்புவா? பேசாம ஒரு சோழ இளவரசனா மாத்திடு. ஜல்தியா வித்துடும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"கூவாகத்துக் கோயில்ல அரவானப் பாத்திருக்கீங்களாண்ணா? அவருக்கும் தலைதான் இருக்குது. வருசா வருசம் திருநங்கைங்க நாங்க அவருக்குத்தான் தாலி கட்டிக்கிறோம். மறுநாள் அவரு செத்துட்டாருன்னு தாலிய அறுத்துட்டு அழுவுறோம். நானும்தான் அழுதுக்கினு இருக்கேன். நம்ம பக்கத்துலதாண்ணா!"

அண்ணன் அடுத்த தாளை எடுத்துப் படித்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசித் தாளைக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "அப்பறம் அந்தத் தலை அவகிட்ட என்னாதான் சொல்லுது?"

"புக்கு வரட்டுங்க."

இளவரசனும் இல்லை, உடம்பும் ஒட்டவைக்க மாட்டேன். ஹீரோவை மாற்றச் சொல்லி கமென்ட் போட வருபவர்களே, முதலில் கூவாகம் வந்து அரவானிடம் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் நான்தான் நிற்பேன், புதுத் தாலியோடு.