அம்மா முன்சீட்டுக்கு வந்த நாள்

போன வாரம் மகள் செவ்விளநீர் வாங்கித் தந்தாள். அதில் செருகியிருந்தது காகிதக் குழாய். நாலு இழுப்பு இழுப்பதற்குள் நனைந்து சப்பையாகி ஒட்டிக்கொண்டது. எவ்வளவு உறிஞ்சியும் சொட்டு வரவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணுமில்ல, உங்கப்பாவோட பழைய கார் ஞாபகம்" என்றேன். இளநீருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றேழோ, எட்டோ. இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எனக்குத் தோட்டத்துப் பெக்டரியில் ரப்பர் ஷீட் தரம் பிரிக்கிற வேலை. ஷீட் காயப்போடுகிற புகைக்கூட்டு வாசம் தலைமுடியில் ஏறினால் எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது. என் வீட்டுக்காரர் ஒரு பழைய ஜப்பான் காரை வைத்து வாடகைக்கு ஹயர் ஓடிக்கொண்டிருந்தார். அவரை நான் கட்டிக்கொண்டதில் அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. ருவான்வெல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவள் அம்மா. "ரோட்டுலயே கெடக்குறவன் கையில புள்ளயக் குடுக்குறதா?" என்று கேட்டவள், இரண்டு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவர் பெயரைக்கூடச் சொல்லமாட்டாள். 'அந்த டிரைவர்', அவ்வளவுதான்.

அந்த வருஷம் எங்கள் தோட்டத்து அம்மன் திருவிழாவுக்கு வருவதாக ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா பிரேக் கெட வேண்டும்? கெட்டது என்றால் மிதித்தால் உள்ளே போய்விடுகிற கோளாறு இல்லை. நேர் எதிர். பெடல் கருங்கல்லாய் இறுகிவிட்டது. எழுந்து ஏறி மிதித்தால்தான் வண்டி நிற்கும்.

அவர் என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்.

"என்ஜின் ஆஃப்ல இருக்கயில அஞ்சாறு தடவ மிதி. இப்ப மிதிச்ச கால எடுக்காம சாவியத் திருப்பு. பெடல் கொஞ்சம் கீழ எறங்குதா?"

"இல்லீங்க. அப்பிடியே நிக்குது."

என்ஜின் ஒரு பைப்பு வழியாகக் காற்றை உறிஞ்சுமாம். அந்த உறிஞ்சல்தான் நம் காலுக்குத் துணை பலமாம். அந்தப் பைப்பு வெடித்து, பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டிருந்தது. அவிசாவளைக்குப் போய்ப் புதுசு வாங்க வேண்டும் என்றார். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு ஒரு முழம் பைப்புக்கு அவிசாவளைக்குப் போகணுமாங்க?"

பெக்டரி ஐயாவிடம் கேட்டு, பால் தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற வெள்ளை ரப்பர் பைப்பில் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தேன். மாட்டி மிதித்துப் பார்த்தால், பெடல் மெத்தென்று இறங்கியது. அன்று முழுக்க என்னைப் பிடிக்க முடியவில்லை. கராஜில் வண்டி திருத்துகிற பாஸ் வேலைக்கே போயிருக்கலாம் என்றெல்லாம் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிவரப் போனோம். அம்மா பின்சீட்டில் ஏறி, குடையையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் இரண்டு பேருக்கும் நடுவில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். பெரிய இறக்கத்தில் அவர் முகம் மாறியது. பெடல் மறுபடியும் கல். கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வண்டியை மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினார்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இறங்கிப் புடவையைத் தட்டிக்கொண்டு, "நான் பஸ்ஸுல வீட்டுக்கே திரும்பிப் போறேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவரு மேல தப்பில்லம்மா. பைப்பக் குடுத்தது நான்தான்."

அவர் பொனட்டைத் திறந்தார். என்னை மறுபடி என்ஜினை ஓடவிடச் சொன்னார். பஸ் வருகிறவரை சும்மா நிற்பானேன் என்றோ என்னவோ, அம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, வண்டி ஓடயில அந்த வெள்ளக் கொழா சப்பிப்போகுதே!"

அதேதான். தண்ணீரைத் தள்ளுவதற்குச் செய்த பைப்பு. உறிஞ்சும்போது, அதுவும் என்ஜின் சூட்டில் இளகியபின், இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது. காற்றுக்கு வழியே இல்லை.

அம்மா குடையை என் கையில் கொடுத்துவிட்டு மேட்டில் ஏறினாள். பட்டை முடிந்து வெட்டாமல் விட்ட ரப்பர் மரம் ஒன்று நின்றது. பால் பிடிக்கிற சிரட்டையை மரத்தோடு கட்டியிருந்த ஸ்பிரிங் கம்பியை அவிழ்த்து, வளைந்த முனைகளைத் திருகி முறித்தாள். முப்பது வருஷம் கத்தி பிடித்த கை அல்லவா? ஸ்பிரிங்கை என்னிடம் நீட்டி, "இத உள்ள விட்டுப் பாக்கச் சொல்லு" என்றாள்.

அவர் அதைச் சுற்றிச் சுற்றி நுழைத்து, பைப்பை மாட்டி இறுக்கினார். நான் அஞ்சாறு தடவை மிதித்து, காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினேன்.

"எறங்குதா?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"எறங்குது!"

என்ஜினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் பார்த்தோம். பைப்பு சப்பவில்லை. அதற்குள் பஸ்ஸும் வந்தது. கண்டக்டர் "நகின்ட, நகின்ட" என்று ஏறச்சொல்லிக் கூப்பிட்டான். அம்மா போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். பிறகு காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். என் இடம் பின்னால் போனது.

"மாப்பிள, மெதுவாவே போங்க."

அவர் மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓட்டினார். மறுநாளே அவிசாவளைக்குப் போய் முறையான பைப்பு வாங்கி மாட்டினோம். அதன்பிறகு அம்மா மாதம் தவறாமல் வந்தாள். எப்போதும் முன்சீட்டுதான். ஒவ்வொரு வளைவிலும், தன் பக்கம் இல்லாத பிரேக்கைத் தானும் சேர்ந்து மிதிப்பாள்.

அந்தக் கார் கைமாறிப் போயிற்று. அந்த மேட்டில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போதைய காரில் கால் பட்டாலே பிரேக் பிடிக்கிறது, அவரும் பறக்கிறார். முன்சீட்டிலிருந்து நான் "மெதுவா போங்க" என்றால் காதில் வாங்குவதில்லை. போன மாதம் அந்த இறக்கத்தில் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச தூரம் போனபின், "மாப்பிளன்னு கூப்பிட்டுச் சொல்ல இப்ப யாரு இருக்கா?" என்றார்.