அப்பா எழுதிய மனு

புவனகிரியில் எங்கள் தெருப் பெண்கள் யாரும் கணவன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறைந்துவிடுமாம். அந்த வழக்கத்தின் புண்ணியத்தில் எனக்கு ஒன்பது வயதிலேயே ஓர் உத்தியோகம் கிடைத்தது.

கொடுத்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. சிதம்பரத்தில் டீச்சராக இருந்தாள். பெண்டாட்டியை அடிப்பவனைத் தண்டிக்கக் கடுமையான சட்டம் வேண்டும் என்று, அந்த வாரம் சிதம்பரம் வரவிருந்த மந்திரியிடம் மனுக் கொடுக்க அவளும் இன்னும் சில டீச்சர்களும் கிளம்பியிருந்தார்கள். அடிபட்டவர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும், கணவன் பெயரும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டுக்கதை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பது அத்தையின் கட்சி. மனுவின் வாசகம் அப்பாவுடையது. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுபவர் அவர். பெண்களைக் கைநீட்டி அடிப்பது காட்டுமிராண்டித்தனம் என்று முத்து முத்தாக எழுதி, எங்களுக்கு உரக்கப் படித்தும் காட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையோடு வீடு வீடாகப் போனேன். அந்தந்த வீட்டுப் பெண்கள் ஜாடை சொல்ல, நான் பெயர் சொல்ல, அத்தை எழுதிக்கொள்வாள்.

"அதான்டி, தில்லையில ஆடுறவரு பேரு."

"நடராசன்!"

ஆனால் மற்றதெல்லாம் ஒரே குழப்பம். "எங்க வூட்டுக்காரரு தங்கமானவரு டீச்சரம்மா" என்று ஆரம்பித்த ஒருத்தி, கடைசியில் மை எங்கே என்று கேட்டுக் கட்டைவிரலை நீட்டினாள். தெரு முழுக்கக் கேட்கும்படி அலறுகிற கோடி வீட்டு அக்காவோ, "எங்க வூட்ல அதெல்லாம் இல்லீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். யார் சொல்வது நிஜம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து அத்தை எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு வரி வுடும்மா."

அத்தை சிரித்துவிட்டாள். "அண்ணி, இது அடிபட்டவுங்களுக்கு."

"தெரியும்" என்று அம்மா கையெழுத்துப் போட்டாள்.

அத்தையின் முகம் வெளுத்தது. கூடப் பிறந்த அண்ணன் பெயரை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பேனாவைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். அம்மா என்னைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றாள்.

அம்மாவுக்குத்தான் விஷயம் புரியவில்லை என்று நினைத்தேன். அவள் கிணற்றடியில் வழுக்கி விழுகிறவள். மாதம் ஒரு தடவையாவது கன்னமோ முழங்கையோ கன்றிப்போயிருக்கும். விழுவதும் அடிபடுவதும் ஒன்றா? இருந்தாலும் என் வேலையை நான் விடவில்லை. அப்பாவின் பெயரை இனிஷியலோடு சொன்னேன்.

சாப்பாடானதும், கையெழுத்துத் தாளோடு சேர்க்க வேண்டிய பெயர்ப் பட்டியலை அப்பா நல்ல பிரதி எடுக்க உட்கார்ந்தார். "இவனா? இவனையெல்லாம் கட்டி வச்சி ஒதைக்கணும்" என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒன்று சொல்லிக்கொண்டே எழுதினார். கடைசி வரியில் பேனா நின்றது.

"இந்தப் பேர யாரு சொன்னது?"

"நான்தாம்பா."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா வந்து என் பின்னால் நின்று தோளில் கை வைத்தாள். எனக்குப் பயமாக இருந்தது, எதற்கென்றுதான் தெரியவில்லை.

"எழுதுங்க" என்றாள் அம்மா. அவள் அப்பாவை ஏவி நான் பார்த்ததே இல்லை.

அப்பா நிப்பைத் துடைத்துவிட்டு எழுதினார். அந்த ஒரு வரி மட்டும் கோணிக்கொண்டு போயிற்று. நிப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

மனுவை வேறொரு டீச்சரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அத்தை லீவு போட்டு ஒரு வாரம் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அம்மாவை விட்டு நகரவே இல்லை. என்மேல் உள்ள ஆசையால் இருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். அதற்குள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லி முடித்திருந்தேன்: மந்திரி படிக்கப்போகிற காகிதத்தில் எங்கள் அப்பா பெயரும் இருக்கிறது, சொன்னது நான்தான்.