ஒரு கட்டைவிரலை நம்பிய நாள்

மூன்று வருஷங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை ஒரு வாரமாக விடாமல் பெய்துகொண்டிருந்தபோது நடந்தது இது. இலங்கை மலையகத்தில், லுணுகலையிலிருந்து மேலே ஏறிப் போனால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆசிரியராக இருக்கிறேன். படித்து வேலைக்கு வந்த பிறகும் நான் பிறந்த அதே லயத்தில்தான் அப்போது குடியிருந்தேன். அங்கே மொத்தம் இரண்டு லயங்கள், தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். முதுகுக்குப் பின்னால் செங்குத்தான தேயிலை மலை.

மண்சரிவு பயம் எங்களுக்குப் புதிதில்லை. அதனால் வீட்டுக்கு ஒருவரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருந்தேன். எச்சரிக்கை வந்தால் உடனே அதில் போடுவேன். பவர் பேங்க்கை எப்போதும் சார்ஜ் செய்து வைப்பது, அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் கட்டி வைப்பது எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தவைதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

அன்றைக்குக் காலையில் என் நண்பர் ஒருவர் நனைந்துகொண்டே வாசலில் வந்து நின்றார். ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு படித்தவர். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஊற்று தேடி அந்த மலை முழுக்க நடந்தவர்.

"மச்சான், கொஞ்சம் மேல வா. பீலிக் குழாய்ல தண்ணி செம்மண்ணா வருது. நெலம் வேற வாயப் பொளந்திருக்கு" என்றார்.

போய்ப் பார்த்தேன். இரண்டாவது லயத்துக்கு நேர் மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நீளமாக ஒரு வெடிப்பு. கை நுழையும் அளவு இருந்தது. அவர் ஏற்கனவே நாலு வீட்டில் சொல்லிப் பார்த்திருக்கிறார். "இவரு மழையக் கண்டாலே இப்படித்தான்" என்று சிரித்திருக்கிறார்கள். என் கதையும் அதுதான். அந்த வாரம் மட்டும் நாலைந்து தடவை சிவப்பு எச்சரிக்கை போட்டிருந்தேன். பிறகு அதை யாரும் பொருட்படுத்தவேயில்லை.

அவர் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து இரண்டு முளை சீவி, வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று அடித்தார். பிறகு ஒரு குச்சியை அந்த இரண்டு முளைக்கும் நடுவில் இறுக்கமாக நிற்கும்படி அளந்து வெட்டி வைத்தார். நான் போனில் படம் பிடித்தேன். அரை மணி நேரத்தில் குச்சி தானாகக் கீழே விழுந்தது. எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விரல் இடைவெளி. இன்னொரு அரை மணி நேரத்தில் இரண்டு விரல். அதையும் படம் பிடித்தேன்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நேரத்தையும் எழுதிக் குழுவில் போட்டேன். "ஒரு மணித்தியாலத்தில் இவ்வளவு விலகியிருக்கிறது. உடனே பாடசாலைக்கு வாருங்கள். வந்ததும் இங்கே தெரிவியுங்கள்" என்று எழுதினேன். என் பேச்சுக்கும் அவர் பேச்சுக்கும் அசையாதவர்கள் அந்தக் குச்சியைப் பார்த்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

பாடசாலை எதிர்மேட்டில் இருக்கிறது. வாசலில் நின்று போனைப் பார்த்தபடி ஒவ்வொரு வீடாகக் கணக்கெடுத்தேன். சிலர் "வந்துட்டோம்" என்று எழுதினார்கள். சிலர் கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு இருபத்து நாலு வீடும் சரியாக வந்தது. "எல்லாரும் வந்தாச்சு" என்று நிம்மதியாகச் சொன்னேன்.

என் நண்பர் என் முகத்தைப் பார்த்தார். "நீ ஆளப் பாத்தியா, போனப் பாத்தியா?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டாரே என்று கோபம்கூட வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. "பெரட்டுல நிக்கிற மாதிரி வரிசையா நில்லுங்க. காம்பரா வாரியா ஆளக் காட்டுங்க" என்று கத்தினார். வேலைக்குப் போகுமுன் தினமும் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்துப் பழகியவர்கள். சட்டென்று வரிசை பிடித்தார்கள். முதல் லயம் முடிந்தது. இரண்டாவது லயத்தில் ஒன்று, இரண்டு என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். பன்னிரண்டு என்றபோது யாரும் குரல் கொடுக்கவில்லை.

கடைசிக் காம்பராவில் இருந்தது பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகாத ஒரு பெண். கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அந்த வீட்டுக்காகக் குழுவில் இருந்தது அவன்தான். அந்தக் கட்டைவிரல் கொழும்பிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உடனே அவனுக்குப் போன் அடித்தேன். "சேர், மெசேஜ் பாத்தேன்னுதான் கை போட்டேன். அவ போன் ஓஃப்ல இருக்கு. பக்கத்து வீட்டாளுங்களோட வந்திருப்பான்னு நெனச்சேனே" என்றான். முந்தின நாளே கரண்ட் போனதில் அவள் போன் செத்துக் கிடந்திருக்கிறது. பக்கத்துக் காம்பராக்காரர்களோ, அவள் காலையிலேயே தாய் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துவிட்டார்கள்.

என் நண்பர் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தார். நானும் பின்னால் ஓடினேன். வழக்கமான படிக்கட்டில் போக விடாமல், சுற்றிக்கொண்டு, மண் சரியாத பாறைப் பக்கமாகவே என்னைக் கூட்டிப் போனார். அவள் காம்பராவின் கதவு திறக்கவில்லை. நிலை கோணிப்போய் இறுகியிருந்தது. இரண்டு பேருமாகத் தோளால் இடித்து உடைத்தோம். தகரத்தில் விழும் மழைச் சத்தத்தில் அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை. காய்ச்சலோடு பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையை நான் என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அவர் அவளைக் கம்பளியோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பாறையைத் தாண்டி எதிர்மேட்டில் கால் வைத்திருப்போம். காதில் கேட்பதற்கு முன்னால் காலுக்கடியில் ஓர் அதிர்வு. பிறகுதான் சத்தம். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் மேலே ஏறினோம்.

ஏறி நின்று பார்த்தபோது இரண்டாவது லயத்தில் பாதிக்கு மேல் இல்லை. அந்த இடத்தில் சேறும், அதற்கு நடுவே வேரோடு இறங்கி வந்தும் நிமிர்ந்தே நின்ற சில தேயிலைச் செடிகளும்தான். பாடசாலை முற்றத்தில் ஆளாளுக்குத் தங்கள் பிள்ளைகளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

வகுப்பறையில் அவளுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொடுத்தார்கள். அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "சேர், எங்கள யாருமே கூப்பிடலையா?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். போனைத் திறந்து அந்தக் கட்டைவிரலைக் காட்டியிருக்கலாம். அவள் கணவன் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். அதற்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில்தான் போய், "நான் போனப் பாத்து எண்ணிட்டேன்மா, ஆளப் பாக்கல. தப்பு என்னோடதுதான்" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் வீடு போனவர்கள் பல மாதம் அந்த வகுப்பறைகளிலேயே கிடந்தார்கள். அங்கே போகும்போதெல்லாம் அந்தப் பெண்ணை நேராகப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். அவளோ பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள்.

குழு இன்றைக்கும் இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் முன்போலவே போடுகிறேன், படமும் எடுக்கிறேன். என் நண்பரும் ஒரு ஸ்மார்ட் போன் வாங்கி, கலங்கிய ஊற்றைக் கண்டால் படம் பிடித்து அனுப்புகிறார். ஆனால் மழை கொஞ்சம் பலமாகப் பிடித்தாலே நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். ஒவ்வொரு கதவிலும் நின்று, உள்ளே இருப்பவர் பதில் சொல்லும்வரை கூப்பிடுவேன். அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.