தலைப்பை மூடிவிட்டுப் பார்த்த படம்: அரவேணுவில் ஒரு காலை

சனிக்கிழமைகளில் மேட்டுப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் பிரணவ், ஹரிணி, காவ்யா என்று மூன்று பிள்ளைகளுக்கு ஓவியம் பார்க்கச் சொல்லித் தருகிறேன். வரைய அல்ல, பார்க்க. நூலகப் புத்தகங்களைப் புரட்டி நானாகப் பழகியதுதான். "என்ன தெரியுது? எதை வெச்சு அப்படிச் சொல்றே?" இரண்டே கேள்விகள்.

ஐந்தாம் வகுப்புக் காவ்யா மட்டும் ஒரு மாதமாக வாய் திறக்கவில்லை. பள்ளியில் ஒரு படத்துக்கு அவள் சொன்ன அர்த்தம் தப்பென்று எல்லோரும் சிரித்தார்களாம். அப்பா லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர். மூவரையும் அரவேணுவுக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்றதும் அவள் அம்மா சுமதி, "அங்கயும் பேசலைன்னா நிறுத்திக்கறேனுங்கக்கா. பரீட்சைல ஒரு பதில்தானுங்களே கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கூட வந்தாள். பிள்ளையாரிடம் அன்று கொஞ்சம் அதிகமாகவே வேண்டிக்கொண்டேன்.

காலை 7.10க்குக் கோத்தகிரி பஸ். வழியில் அரவேணு வரை சுமார் 27 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். "வாந்தி எடுக்கற ஆளுக்குத்தான் ஜன்னல் சீட்டு. யாருங்க அது?" என்று கண்டக்டர் கேட்க, மூன்று பேரும் கை தூக்கினார்கள். காவ்யாவும்தான். பேசாவிட்டாலும் கை எழுந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அரவேணுவில் ஓர் ஓவியர் தன் வீட்டின் முன்னறையைக் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார். கட்டணம் இல்லை. அன்று அவர் ஊரில் இல்லாததால் பக்கத்து டீக்கடைக்காரர் திறந்துவிட்டார்.

ஒரு படத்தில் மூடுபனி, தேயிலைச் சரிவு, வரிசையாகத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள். ஒரே ஒரு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். எங்கள் வழக்கப்படி கீழேயிருந்த தலைப்பைத் தாளால் மூடினேன்.

"காட்டெருமை வந்துருச்சு. அதான் லைட்டு" என்றான் பிரணவ்.

"போடா, அது வந்தா நீ லைட்டை அணைச்சுட்டுக் கட்டிலுக்கடியில போயிருவே" என்றாள் ஹரிணி.

எனக்கு அது விளக்கு வைக்கிற நேரமாகத் தெரிந்தது. மனதுக்குள் கும்பிட்டும் விட்டேன்.

அப்போது காவ்யா மெல்ல, "அந்த ஊட்டுக்காரரு இன்னும் வரலை" என்றாள்.

"எதை வெச்சுச் சொல்றே கண்ணு?"

"மத்த ஊட்ல எல்லாரும் வந்துட்டாங்க. அதான் அணைச்சுட்டாங்க."

நிம்மதியில் அவசரப்பட்டுத் தாளை எடுத்துவிட்டேன். 'அரவேணு, காலை' என்று எழுதியிருந்தது. காவ்யாவின் முகம் சுருங்கிப்போனது. "அப்ப நாஞ் சொன்னது தப்புங்களா?"

தாளை மறுபடி வைத்து மூடப் போனேன். பின்னாலிருந்து சுமதிதான் பேசினாள்.

"அதெப்படித் தப்பாகும்? ராத்திரி பூரா வரலைன்னா விடிஞ்சும்தான் லைட்டு எரியும். உங்கப்பன் வராத அன்னிக்கு நானு அணைக்கறனா?"

காவ்யா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீ தூங்கறதே இல்லியா?"

"படத்தைப் பாரு" என்றாள் சுமதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

திரும்பும் பஸ்ஸில் அது பல்பா, சிம்னி விளக்கா என்று அம்மாவும் மகளும் குஞ்சப்பனைச் சோதனைச்சாவடி வரைக்கும் சண்டை.

போகிறவர்களுக்கு: பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், சோதனைச்சாவடியில் வாங்கிவிடுவார்கள். சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கும் போக வர பஸ், டீ, பன் எல்லாம் சேர்த்து 340 ரூபாய் ஆனது. புளிசாதம் கட்டிக்கொண்டு போனோம். தலைப்பை மூட ஒரு தாள் போதும், அதை எடுக்க மட்டும் என்னைப் போல் அவசரப்படாதீர்கள். முடிந்தால் ஓர் அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்கள்.