ராஜவாய்க்கால் டபுள்ஸ்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்பிப் பகலில் நிம்மதியாகத் திரிகிறவர்களே, உங்களுக்குத்தான் இது. நடந்தது 1964 சித்திரையில், வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. இதில் நான் கூட்டியது ஒன்றும் இல்லை. ரத்தினசாமி எங்கள் பனியன் கம்பெனியில் மாஸ்டர். அவன் வாயாலேயே கேட்டேன். நம்பிக்கை வராமல் இதில் வருகிற போலீஸ்காரரையும் தேடிப் போய்க் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

ரத்தினசாமிக்கு ஊர் சாமளாபுரத்துப் பக்கம். அங்கிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வர இரண்டு வழி. ஒன்று பெரிய ரோடு. பஸ், லாரி, நூல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி, கண்ணெல்லாம் புழுதி. இன்னொன்று ராஜவாய்க்கால் கரை. நொய்யலில் பிரிந்து குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக எந்தக் காலத்திலோ வெட்டிய வாய்க்கால் அது. வெட்டிய ராஜா யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். கரை இடிந்துவிடக் கூடாது என்று இரண்டு முனையிலும் குத்துக்கல் நட்டிருந்தார்கள். வண்டி எதுவும் நுழைய முடியாது. சைக்கிள்காரன் மட்டும் இறங்கி, கல் இடுக்கில் தள்ளிக்கொண்டு போகலாம். அப்புறம் மூன்று மைலுக்கு அவன் பாடு கொண்டாட்டம். ஹாரன் கிடையாது, புழுதி கிடையாது.

போலீசும் கிடையாது. அந்தக் காலத்தில் சைக்கிளில் இரண்டு பேர் போனால் ‘டபுள்ஸ்’ என்று கேஸ் எழுதுவார்கள். அதனால் பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகிறவனெல்லாம் வாய்க்கால் கரையைத்தான் பிடிப்பான்.

அப்படிப்பட்ட வழியில் ரத்தினசாமி ஒரு வருஷமாகச் சைக்கிள் விடவில்லை. காரணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன் செய்த காரியத்தை மறைத்துவைத்துக் கதை சொல்ல எனக்கு மனசில்லை.

முந்தின வருஷம் இதே சித்திரையில்தான் அவனுக்கு மாஸ்டர் வேலை கிடைத்தது. வேலையில் சேருகிற நாள். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, முருகா என்று சைக்கிளில் ஏறி வாய்க்கால் கரையில் வந்தான். பாதி வழியில், வேலாமரத்தடியில், அவன் அக்கா மயிலாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் செத்தபின் மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவள். காலையிலிருந்து வயிற்று வலி. நல்ல நாளில் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று தானே ஆஸ்பத்திரிக்கு நடக்க ஆரம்பித்திருக்கிறாள்.

“ஆஸ்பத்திரி வரைக்கும் ஏத்திக்க சாமி. முடியல.”

“டபுள்ஸ் போனா கேஸ் எழுதுவாங்கக்கா. மெதுவா நடந்து வா.”

கேஸாவது கத்தரிக்காயாவது. ஈ காக்கை இல்லாத கரையில் யார் கேஸ் எழுதப் போகிறார்கள்? புது வேலையில் சேரப் போகிறவன் தாலியறுத்தவளைப் பின்னால் வைத்துக்கொண்டு போனால் விளங்குமா என்பதுதான் அவன் நினைப்பு. அவளுக்கும் அது புரியாமலில்லை. சரி என்று தலையாட்டினாள். அவன் மிதித்துக்கொண்டு போய்விட்டான். மூன்று மணிக்கு ஆடு மேய்க்கிறவர்கள் அதே மரத்தடியில் அவளைப் பிணமாகப் பார்த்தார்கள்.

சேதி கேட்டு ஓடி வந்தவன், தான் பெரிய ரோட்டில் போனதாகவும் அக்காவைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்றும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். ஊர் நம்பியது. மயிலாளின் மகள் சாமியாத்தாளும் நம்பினாள். பன்னிரண்டு வயசு. மாமன் என்றால் அவளுக்கு உயிர். அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம், “நீங்க அன்னைக்கு வாய்க்கா வழியா போயிருந்தா எங்கம்மா பொழச்சிருக்கும், இல்லீங் மாமா?” என்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான். அந்தப் பிள்ளைக்கு மட்டும் உண்மை தெரிந்துவிடக் கூடாது. உலகத்தில் அவனுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். 1964 சித்திரையின் அந்த மத்தியானம் வரைக்கும்.

பெரிய ரோட்டில் தரைப்பாலத்தை உடைத்துப் போட்டிருந்தார்கள். ரத்தினசாமிக்கு இரண்டாம் ஷிப்ட், இரண்டு மணிக்கு. பட்டப்பகல்தானே, என்ன ஆகிவிடும் என்று வாய்க்கால் பக்கம் திரும்பினான்.

குத்துக்கல் இடுக்கில் நுழையும்போது மணி 11.55. ஏறி மிதித்துக் கொஞ்ச தூரம் போவதற்குள் எங்கோ மில் சங்கு ஊதியது. சரியாகப் பன்னிரண்டு. வாய்க்கால் வறண்டு வெளுத்துக் கிடந்தது. கரையில் ஒரு ஆள் இல்லை. ஒரு ஆடு இல்லை. சைக்கிள் செயின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

12.14. வேலாமரம் வந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எட்டி மிதித்தான். தாண்டியும் விட்டான்.

‘டக்.’

கேரியர் சத்தம். சைக்கிள் இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்தது. பெண்கள் ஒருபக்கமாகக் கால் போட்டு ஏறி உட்கார்ந்தால் அப்படித்தான் சாயும்.

பெடல் கனத்தது. இறங்கிப் பார்த்தான். கேரியரில் ஒன்றும் இல்லை. சோற்றுத் தூக்குப் போசிகூட ஹேண்டில்பாரில்தான் தொங்கியது. பின் டயரை அமுக்கினான். காற்று இறுக்கமாக இருந்தது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினான். பிரேக் கட்டை எங்கும் உரசவில்லை. வெயிலில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஏறினான்.

ஏறினதும் இன்னொரு தடவை... ‘டக்.’

12.20. சீட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங் ‘கிரீச்... கிரீச்...’ என்றது. அவன் அசையாமல் உட்கார்ந்து பார்த்தான். அப்போதும் கிரீச் என்றது. பின்னால் உட்காருகிறவர்கள் விழாமலிருக்க அந்த ஸ்பிரிங்கைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. நிழலையாவது பார்க்கலாம் என்று கீழே குனிந்தான். சித்திரை உச்சி வெயில். நிழல் சக்கரத்துக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தது. ஒரு தலையா, இரண்டு தலையா... தெரியவில்லை.

12.31. ஒரு பள்ளம். சைக்கிள் குதித்தது.

‘ம்ம்...’

பல்லைக் கடித்துக்கொண்டு வலியை அடக்குகிற முனகல். அவன் முதுகில் சூடாக மூச்சு பட்டது.

அடுத்த பள்ளம்.

‘ம்ம்... ம்ம்...’

மிதித்தான்.

மிதித்தான்...

12.40. குத்துக்கல்.

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். பேர் குமாரவேல். பாலத்தை உடைத்துப் போட்டதால் ஆட்கள் இந்தப் பக்கமாக டபுள்ஸ் போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவரை அங்கே போட்டிருந்தார்கள். மனித முகத்தைப் பார்த்ததும் ரத்தினசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குதித்து இறங்கினான்.

குமாரவேல் நோட்டை எடுத்து அவன் பேரைக் கேட்டு எழுதினார். டபுள்ஸ் கேஸ் என்றார். தான் ஒத்தையாக வந்ததாக அவன் சத்தியம் செய்தான். அவர் சிரித்தார். தனக்குக் கண் இன்னும் கெட்டுப்போகவில்லை என்றார். பிறகு அவன் தோளுக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

“பேரென்னம்மா?”

ரத்தினசாமிக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

போலீஸ்காரர் எழுதினார்.

“ஊரு?”

காத்திருந்தார். எழுதினார்.

“எங்க போறீங்க?”

இந்தத் தடவை வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். இடையில் இரண்டு தரம் தலையை ஆட்டினார். முகம் மாறியது. எழுதின தாளைக் கிழித்துக் கசக்கிப் போட்டார்.

“ஏப்பா, நோவுல துடிக்கறவள வெச்சுக்கிட்டு எங்கிட்ட நாயம் பேசறயே. கேஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஏத்திட்டு மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ.”

எந்தப் போலீஸ்காரனைச் சாக்குச் சொல்லிக் கூடப்பிறந்தவளை மரத்தடியில் விட்டுவிட்டுப் போனானோ, அந்தப் போலீஸ்காரன் கேஸே எழுதவில்லை. போன வருஷமே ஏற்றிக்கொண்டு வந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டான். இதை அவன் என்னிடம் சொல்லும்போது தலையில் தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அங்கிருந்து ரோடு. பஸ் போனது, ஆட்கள் போனார்கள், ஒருத்தன் தெரிந்தவன் கையைக்கூடக் காட்டினான். கனம் மட்டும் இறங்கவில்லை. ஊருக்குள் வந்து, ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் ரோடு பிரிகிற இடத்தைத் தொடும்போது 1.46. பின்னால் முனகல் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரோ காத்திருப்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. இடது பக்கம் திருப்பினால் ஆஸ்பத்திரி. அரை பர்லாங் தூரம்கூட இராது.

அவன் கம்பெனிக்குப் போனான்.

“டாக்டர்கிட்டப் போயி யாரைக் காட்டறதுங்க?” என்று பிற்பாடு என்னைக் கேட்டான். கேள்வி நியாயம்தான். போன வருஷம் காட்டுவதற்கு ஆள் இருந்தபோது அவனுக்கு வேறு நியாயம் இருந்தது.

அன்று அவன் உள்ளே ஓடி வந்ததை நானே பார்த்தேன். வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து மோர் வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி வீட்டுக்குப் போகாமல் துணி மூட்டைமேல் படுத்துக்கொண்டான். விடிந்து சைக்கிளை எடுத்தால் இறகு மாதிரி வந்தது. விட்டது சனியன் என்று அக்காவைப் பற்றி நினைத்தானாம். அதையும் அவனே சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை 10.20. ரத்தினசாமி வீட்டுக்குள் படுத்திருந்தான். சாமியாத்தாள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சைக்கிள் வந்து நின்றது.

“மயிலாள் ஊடு இதுதானே கண்ணு?”

குமாரவேலின் குரல். உள்ளே இருந்தவன் எழுந்து போய் அந்த மனிதரின் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். அவனால் முடியவில்லை.

“அந்தம்மா நேத்து மத்தியானமும் குத்துக்கல்லுகிட்ட ஒத்தையா நின்னுட்டிருந்துச்சு. இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகலியான்னு கேட்டேன். ‘தம்பி கம்பெனிக்குப் போயிருச்சுங்க’ங்குது. ‘போன வருசமும் இந்தக் கரையிலதான் கேட்டேன், கேஸ் எழுதுவாங்கன்னு உட்டுட்டுப் போயிருச்சு. புது வேலைக்குப் போறவன நானும் கேட்டிருக்கக் கூடாதுங்க, அவன்மேல கேஸ் எழுதீராதீங்க சாமி’ன்னு கும்புடுது. அவன் என்ன மனுசன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

சாமியாத்தாள் கையில் இருந்த சாம்பலைக் கழுவினாள்.

“மயிலாள் எங்கம்மாங்க. செத்து ஒரு வருசமாச்சுங்க.”

குமாரவேல் தொப்பியைக் கழற்றினார். ஏறுவதற்கு மறந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருவைத் தாண்டிப் போனார்.

அவள் உள்ளே வந்து கத்துவாள், அழுவாள் என்று ரத்தினசாமி காத்துக் கிடந்தான். ராத்திரி வழக்கம்போலச் சோறு போட்டாள். அவன் முன்னால் வட்டிலை வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. காலையில் வெளியே போனவளை மத்தியானம் காணவில்லை. அவள் எங்கே போனாள் என்பது குமாரவேல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு அன்றைக்கும் அதே இடத்தில்தான் டியூட்டி. 12.50க்கு அந்தப் பெண் வாய்க்கால் கரையில் வந்தாளாம். அவர் கண்ணுக்கு அன்றைக்கு அவள் ஒருத்திதான் தெரிந்தாள். ஆனால் ரொம்ப மெதுவாக வந்தாள். நாலு அடிக்கு ஒரு தரம் நின்றாள். குத்துக்கல் இடுக்கில் ஒருக்களித்து நுழைந்து, திரும்பி நின்று, பின்னால் வருகிற ஆளுக்குக் கை கொடுத்து இழுத்துவிட்டாள். பிறகு திருப்பூர் ரோட்டில் நடந்தாள். குமாரவேல் அந்த வேலையிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

6.25க்கு வீடு திரும்பினாள். முழங்கால் வரை புழுதி. இடது தோள் கன்றிச் சிவந்திருந்தது. தாங்கிப் பிடித்த மாதிரி நாலு விரல் பதிந்திருந்தது. எங்கே போனாய் என்று ரத்தினசாமி கேட்டான்.

“எங்கம்மாவ ஆஸ்பத்திரியில உட்டுட்டு வந்தனுங்க.”

அதற்குப் பிறகு குத்துக்கல்லில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த வாரமே அவளுடைய பெரியப்பா அவிநாசிபாளையத்திலிருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் நிற்கிற இடம் இரண்டு மைல். சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறேன், ஏறு கண்ணு என்று ரத்தினசாமி கேரியரைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவள் நடந்தே போகலாம் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.