மிளகாய் மூட்டை மேல் ஒரு கோல்கீப்பர்

போன வாரம் துவரம்பருப்பு வாங்க எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை பஜாருக்குப் போனேன். தனபால் அண்ணாவின் மளிகைக் கடை வாசலில், மிளகாய் மூட்டைகளின் மேல் ஒரு கோல்கீப்பர் மல்லாந்து படுத்திருந்தார்!

பயப்படாதீர்கள். ஃப்ளெக்ஸ்தான். மழைக்காக மூட்டையை மூடியிருந்தார்கள்.

அதே ஃப்ளெக்ஸ் போன வருஷம் கடை முகப்பில் ஜம்மென்று தொங்கியது. 'எங்கள் மண்ணின் சிங்கமே!' என்று கொட்டை எழுத்து. நடுவில் கிளவுஸ் மாட்டிய பிரவீன். மூலையில் கும்பிட்டபடி தனபால் அண்ணா... பிரவீன் தலையை விடப் பெரிய தலையோடு! பிரவீன் நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்துப் பிள்ளை. பெங்களூரில் ஒரு தொழில்முறை ஃபுட்பால் கிளப் அவனைக் கோல்கீப்பராக எடுத்ததற்குத்தான் அந்தக் கொண்டாட்டம்.

அப்புறம் வந்தது வம்பு. அந்த கிளப்பில் சிலர் சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு மேட்சைத் தோற்றுக் கொடுத்தார்களாம். போலீஸ், கைது, கிளப்புக்குத் தடை... பிரவீன் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவதை டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எதற்கு ஏறினான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ஃப்ளெக்ஸ் கீழே இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஊர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! போன சீசனில் ஒரு மேட்ச். சாதுவாக உருண்டு வந்த பந்து, பிரவீனின் கால்களுக்கு நடுவே புகுந்து கோலாகிவிட்டது. அன்றைக்கு எல்லாரும் 'ச்சே' என்றதோடு சரி. வம்பு வந்த பிறகோ அந்த வீடியோவை ஸ்லோமோஷனில் ஓட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில், சலூனில், சர்ச் வாசலில்கூட!

"பாரு பாரு... வேணும்னே கால அகட்றான் பா!"

பிரவீனின் அம்மா மார்க்கெட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சூதாட்டக்காரர்கள் கெடுப்பது ஒரு மேட்சை மட்டுமா? அதற்கப்புறம் எவனும் நேர்மையாக ஒரு தப்புக்கூடப் பண்ண முடியாதே! பந்து நழுவினால் போதும் — 'எவ்ளோ வாங்கினான்?' என்பதுதானே முதல் கேள்வி?

உண்மை மெதுவாக வந்தது. பேப்பரின் உள்பக்கத்தில், ஒரு மூலையில். சூதாட்டப் புரோக்கர் முதலில் பேரம் பேசியதே பிரவீனிடம்தானாம். முடியாது என்று சொன்னதோடு நிற்காமல், நேராகப் போய் போலீஸில் சொன்னவனும் அவன்தான். ஸ்டேஷன் படி ஏறியது அதற்கு. அவன் குற்றவாளி இல்லை, சாட்சி!

அந்தச் செய்தி வந்த மறுநாள்தான் நான் பருப்புக்காக நின்றது. தூறல் ஆரம்பித்தது. குடையில்லாமல் தெருவில் நடந்து வந்தது யார்? சாட்சாத் பிரவீன்!

தனபால் அண்ணா முகத்தில் ஈயாடவில்லை. ஓடிப்போய் ஃப்ளெக்ஸைப் புரட்டிப் போடப் பார்த்தார். மூட்டை சரிந்து மிளகாய் கொட்டியதுதான் மிச்சம். பிரவீன் குனிந்து அள்ளிப் போட்டான். அப்படியே ஃப்ளெக்ஸில் இருந்த தன் முகத்தைப் பார்த்தான்.

"அது வந்து பா... மழ... வேற ஒண்ணும் கெடைக்கல..."

"மழ உள்ள எறங்குதாணா?"

"ஒரு சொட்டு எறங்கல பா!"

"அப்போ நல்லாத்தான் கீப்பிங் பண்ணிகினு கீறேன். வுடுங்கணா."

சொல்லிவிட்டு, ஃப்ளெக்ஸின் ஓரத்தை இழுத்து மூட்டைக்கு அடியில் செருகினான். தனபால் அண்ணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "புச்சா ஒண்ணு அடிச்சு மாட்றேன் பா! இத்த விடப் பெருசா!"

"ஐயோ, வேணாம்ணா. ஞாயித்துக்கெழம நம்மூர் டீமுக்கு நிக்கிறேன், வாங்க. அது போதும்." பிறகு என் பக்கம் திரும்பினான். "கேஸ் முடியற வரிக்கும் கிளப் கெடையாதுக்கா. அதுகூடப் பரவால்ல. நம்ம ஜனங்க மனசுல இன்னா கீதுன்னு தெரியாமத்தான் பயமா கீது."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். ஆனால் எல்லாரும் ஒரேயடியாக மரியாதை காட்டினார்கள். பிரவீன் பந்தைத் தொட்டாலே கைதட்டல். எங்கள் ஊரில் கோல்கீப்பரை உரிமையோடு திட்டுவதுதான் வழக்கம், மரியாதையா? எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாம் பாதியில் அது நடந்தது. ஈரத் தரையில் சோம்பேறித்தனமாக ஒரு பந்து வந்தது. பிரவீன் குனிந்தான்... மறுபடியும் கால்களுக்கு நடுவே! கோல்!

மைதானமே கப்சிப். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பிரவீன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தலை நிமிராமல் நின்றான். கடவுளே, யாராவது வாயைத் திறந்து தொலையுங்களேன்!

திறந்தார் தனபால் அண்ணா.

"டேய் பிரவீனு! இன்னாடா கீப்பிங் இது? கண்ண வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா? என் மொளகா மூட்ட மேல படுத்துகினு கீறானே, அவன் உன்ன விட நல்லா நிக்கிறான்டா!"

அவ்வளவுதான். நாலு பக்கமிருந்தும் திட்டு பறந்தது. தூங்கிட்டியா, லாரியே போகுது பாரு நடுவுல, நாளைலேர்ந்து எங்கம்மாவ நிக்க வெக்கிறேன்... ஆனால் 'எவ்ளோ வாங்கின' என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை. பிரவீன் நிமிர்ந்து பார்த்தான். கிளவுஸால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தான்.

மேட்ச் என்ன ஆச்சு என்கிறீர்களா? தோற்றோம்... நிஜமாகவே தோற்றோம்!