அண்ணி குரல் கொடுத்த ஜப்பான்காரி

அண்ணன் வீட்டுக் கராஜைப் போன மாதம் துப்புரவாக்கியபோது, பழைய கம்பளத்துக்கு அடியிலிருந்து அந்த ஜப்பான் கம்ப்யூட்டர் வெளியே வந்தது. கீபோர்டும் இயந்திரமும் ஒன்றாகச் சேர்ந்த, வெயிலில் மஞ்சளாகிப்போன சாமான். அண்ணன் மகள் அதைத் தூக்கிப் பார்த்து, "வாட் இஸ் திஸ், சித்தப்பா?" என்றாள். "உங்கடை அம்மாவும் அப்பாவும் காதலிச்ச இடம்" என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவள் அடுத்த பெட்டியைத் தூக்கப் போய்விட்டாள். சத்தியமாக நான் பகிடி விடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒனிஹங்கா என்ற துறைமுக ஊரில், ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய கார்களைக் கழுவி விற்கும் ஒரு யார்டில் வேலை செய்தேன். அந்தக் கார்களுக்குள் என்னதான் இருக்காது! குடை, பாட்டுக் கசெட், ஒற்றைச் செருப்பு. உரியவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதால், கழுவுகிறவன் எடுத்துக்கொள்ளலாம் என்பது யார்டின் வழக்கம். ஒருநாள் ஒரு வான் வண்டியின் பின்பக்கத்தில் மானிட்டரோடு இந்தக் கம்ப்யூட்டரும், ஒரு பெட்டி நிறைய பிளாப்பி டிஸ்க்குகளும் கிடந்தன. ஏதோ கணக்குப் போடுகிற சாமான் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். அண்ணன் கொழும்புக்குப் போய் இரண்டு கிழமை லீவில் தாலி கட்டிவிட்டு வந்தவர். விசா இழுத்தடித்து அண்ணி வந்து சேர்ந்தபோது இருவருக்கும் மற்றவரின் முகமே பாதி மறந்துபோயிருந்தது. அண்ணனோ வாயில் கொழுக்கட்டை வைத்த மனிசன். "சாப்பிட்டீரா?" என்று கேட்பார், அதோடு அன்றைய கதை முடிந்தது. அண்ணி கொழும்பில் வங்கியில் நாள் முழுக்கச் சனத்தோடு கதைத்துப் பழகியவ. சிட்னியில் இருக்கிற அவவின் அக்கா, ஞாயிறு தவறாமல் போனில் "இஞ்சை வந்திடு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தா. ஒருநாள் உடுப்புக் காயப்போட்டபடியே அண்ணி என்னிடம் நேராகச் சொன்னா: "உங்கடை அண்ணை நல்லவர்தான். ஆனா சுவரோடை எவ்வளவு காலம் இருக்கிறது? பொங்கல் முடியச் சிட்னிக்குப் போகப்போறன். போனால் திரும்பி வரமாட்டன்." அன்றிரவே அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார். அட கடவுளே!

ஜப்பான் கரண்ட் வேறு. எங்கள் பிளக்கில் நேரே செருகினால் புகைதான். அண்ணன் எங்கேயோ ஒரு ட்ரான்ஸ்போர்மர் தேடிக்கொண்டுவந்து, மழை கொட்டிய ஒரு ஞாயிறு பின்னேரம் அதை உயிர்ப்பித்தார். திரையில் கோடு கோடாக ஒரு படம் வரைந்து, ஆறுதலாக நிறம் நிரம்பியது. ரயில் நிலையத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண், முப்பது வயது சொல்லலாம், கையில் அலுவலகப் பை. கீழே ஜப்பானிய எழுத்து டிக் டிக்கென்று ஓடியது. பக்கத்தில் நாலைந்து வரிகள். ஒன்றைத் தெரிவுசெய்து அமத்தினால் அவள் சிரிப்பாள், இன்னொன்றை அமத்தினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள், பிறகு முதலிலிருந்து தொடங்கவேண்டும். எங்களுக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை.

அப்போதுதான் அண்ணி, தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தவ, திரையில் இருந்தவளுக்குப் பதிலாகக் கதைக்கத் தொடங்கினா. "ஏன் ஐசே, ட்ரெயின் பிந்தினால் ஒரு போன் எடுக்கத் தெரியாதோ?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணன் தொண்டையைச் செருமிவிட்டு, திரையில் முகமே காட்டாத, அவள் காத்து நிற்கும் ஆணுக்காக மெல்லச் சொன்னார்: "எடுக்க நினைச்சனான். என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை." அண்ணி திரும்பிப் பார்த்தா.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்துத்தான். அந்த ஆணின் பெயரில் அண்ணன் எவ்வளவு கதைத்தார் தெரியுமா! பள்ளிக்கூடத்தில் திக்கிப்பேசி அடி வாங்கியது, விமான நிலையத்தில் அண்ணியைக் கண்டதும் மனப்பாடம் செய்துவைத்ததெல்லாம் மறந்துபோனது. கூடப்பிறந்த எனக்கே தெரியாத கதைகள். ஆனாலும் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, அண்ணியின் சூட்கேஸ் அலுமாரிக்கு மேலிருந்து கீழே இறங்கியிருந்தது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறும் மழை. திரையில் அந்தப் பெண்ணின் வீடு. மேசை விளக்கு, ஜன்னல், அவள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் அந்த ஆணின் குரலில், ஆனால் அண்ணியைப் பார்த்துக் கேட்டார்: "நீர் போகத்தான் போறீரோ? நான் கதைக்கப் பழகிக்கொண்டுதானே வாறன்." கேட்ட பதற்றத்தில் அவர் விரல் எந்த வரியை அமத்தியதோ, படம் மாறத் தொடங்கியது. கோடு கோடாக, ஆறுதலாக. நிறம் நிரம்ப நிரம்பத்தான் விளங்கியது, அந்தப் பெண்ணின் உடம்பில் கண்ணாடியைத் தவிர வேறொன்றும் இல்லை.

பிறகு யார்டுக்கு வந்த ஒரு ஜப்பான்காரர் விளக்கினார், அது பெரியவர்களுக்கென்று விற்கப்பட்ட விளையாட்டாம். மணிக்கணக்காகக் கதை, கடைசியில்தான் இந்தப் படமாம். படத்துக்காக வாங்கியவர்கள் அந்தக் கதையை எவ்வளவு திட்டியிருப்பார்களோ! எங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்டது கதைதான்.

அன்றைக்கு நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணன் ஸ்விட்சைத் தேடி மேசைக்கு அடியில் தலையை விட்டு, இடித்துக்கொண்டார். அண்ணி மட்டும் சால்வையை எடுத்துத் திரையில் போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. பிறகு சிரிப்பை அடக்கி, ஜப்பான்காரியின் குரலில் இல்லாமல் சொந்தக் குரலில் சொன்னா:

"இனி இவளுக்கு நான் கதைக்கமாட்டன். எழும்புங்கோ, நீங்கள் கேட்டதுக்கு நான் சொல்லுறன். நான் போகேல்லை."

நான் பால் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு மழையிலேயே தெருமுனை டெய்ரிக் கடைக்கு நடந்தேன். வீட்டில் பால் நிறைய இருந்தது.